ஐந்து வாட் வீரர்கள்

'க்யூஆர்பி' என்றால் தந்திக்காரர்களின் சங்கேதத்தில் 'மின்திறனைக் குறை' என்று பொருள். பின்னாளில் அமெச்சூர் வானொலியில் அது ஒரு இயக்கத்துக்கே பெயராகிவிட்டது! 1961-இல் அமெரிக்காவில் தொடங்கிய க்யூஆர்பி சங்கம் முதலில் வைத்த வரம்பு 100 வாட். பிறகு அது 5 வாட்டாகச் சுருங்கியது.

இருபதில் ஒரு பங்கு திறன் எங்கே எட்டும் என்கிறீர்களா? எதிர்முனை ரிசீவரின் மீட்டரில் முள் இறங்குவது ஏறக்குறைய இரண்டு படிதான். மோர்ஸ் ஒலியை இரைச்சலிலும் காது பிரித்துவிடும்.

1933-இல் தொடங்கிய அமெரிக்க 'ஃபீல்ட் டே'யில் இன்று பேச்சுத் தொடர்புக்கு 1 புள்ளி, மோர்ஸுக்கு 2. பேட்டரியில் 5 வாட்டுக்குள் இயங்கினால் அதுவும் ஐந்து மடங்காகும்.

உரிமத்துக்கு மோர்ஸ் கட்டாயம் என்ற சர்வதேச விதி 2003-இல் தளர்ந்தது. ஆனாலும் மோர்ஸ் போட்டிகள் நிற்கவில்லை. காசில்லாதவனும் பெரிய நிலையங்களோடு மோத முடிகிறதே, அதுதான் காரணம் என்பேன்!