மாத்தளை மலைப்பாதையும் நாமும்: தவளத்திலிருந்து வேன் வரை

பெருநாள் விடுமுறை வந்தாலே ஊரில் ஒரு பேச்சுத்தான்: "ரிவஸ்டன் போவோமா?" போவோம். போகுமுன் அந்தப் பாதையின் கதையைக் கொஞ்சம் அறிந்துகொள்வோம்.

கண்டி இராச்சியத்தில் வண்டிப் பாதைகள் இருக்கவில்லை. உப்பும் கருவாடும் மலைக்கு ஏறியதும், பாக்கு மலையிலிருந்து இறங்கியதும் பொதிமாடுகளின் முதுகில்தான். அதற்குத் தவளம் என்று பெயர். அரசனின் போக்குவரத்துப் பிரிவான 'மடிகே'யில் பெரும்பாலும் வேலை செய்தவர்கள் நமது முஸ்லிம் முன்னோர். தவளக்காரர் தனியே போகமாட்டார்கள், கூட்டமாகவே போவார்கள். இருட்டுமுன் தங்குமிடம் சேர்ந்து, பொதியை இறக்கி, மாட்டுக்கு ஓய்வு கொடுப்பார்கள். மலையில் அவசரப்பட்டால் மாடும் போகும், பொதியும் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள், கோப்பித் தோட்டங்கள் வந்தன, தோட்டங்களுக்கு வீதிகள் தேவைப்பட்டன. 1848இல் ஆளுநர் டொரிங்டனின் ஆட்சி வீதிச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. வயதுவந்த ஆண்கள் வருடத்தில் 6 நாட்கள் வீதியில் சம்பளமின்றி உழைக்க வேண்டும், இல்லாவிட்டால் 3 ஷிலிங் கட்ட வேண்டும். மாத்தளைக் கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு முக்கிய காரணம். அந்த ஜூலையில் கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் முடிசூட்டப்பட்டார். கிளர்ச்சியாளர் மாத்தளைக்குள் புகுந்து கச்சேரியைத் தாக்கினர். ஆகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வீதி என்றால் அன்றைய மக்களுக்கு வசதியல்ல, சுமை.

அதே காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். பசியிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். 1880இல் மாத்தளைக்கு ரயில் வந்தது. அதற்குள் கோப்பியை இலைநோய் பிடித்துவிட்டது.

இன்று நாம் மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவஸ்டன் ஏறி, பிட்டவல பத்தன, இலுக்கும்புர கடந்து லக்கலைக்கு இறங்குகிறோம். பழைய லக்கலை பல்லேகம நகரம் இப்போது களு கங்கை நீர்த்தேக்கத்தின் அடியில் இருக்கிறது, நகரம் புதிய இடத்துக்கு மாறிவிட்டது. இந்த நக்கிள்ஸ் மலைத்தொடர் 2010 முதல் உலக மரபுரிமை. அழகு மாறவில்லை, ஆபத்தும் மாறவில்லை. வளைவுகள் கூர்மையானவை, பாதை பல இடங்களில் ஒடுக்கம், மூடுபனி சொல்லிக்கொண்டு வராது.

2025 செப்டம்பர் 4 இரவு எல்ல–வெல்லவாய வீதியில் சுற்றுலா போய்த் திரும்பிய பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது, மலைநாட்டில் மண்சரிவுகளே பெரும் அழிவைச் செய்தன. ஆகவே இவற்றை மனதில் வைப்போம்:

1. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டு இறங்குவது எரிபொருள் மிச்சமல்ல, உயிர்ச் சேதம். பிரேக்கை விடாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகல் மணம் வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

2. மேலே ஏறிவரும் வாகனத்துக்கு வழி விடுங்கள். ஏற்றத்தில் நின்ற வாகனத்தை மீண்டும் எடுப்பது கஷ்டம். வளைவுக்கு முன் ஹோன் அடியுங்கள். வளைவில் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள்.

3. மூடுபனியில் முன்விளக்கைத் தாழ்த்திப் போடுங்கள். உயர்த்திப் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணிலேயே அடிக்கும்.

4. நவம்பர் முதல் பெப்ரவரி வரை மழைக்காலம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டே புறப்படுங்கள். மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் வெளியேற்றம். எந்த நிறம் இருந்தாலும் சுற்றுலாவைத் தள்ளிப்போடலாம், ரிவஸ்டன் அங்கேயேதான் இருக்கும்.

5. அம்பியூலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119. சில இடங்களில் போனுக்கு சிக்னல் கிடைக்காது. எந்த வழியாகப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

இன்னுமொன்று. சுபஹுக்குப் புறப்பட்டு நள்ளிரவில் திரும்பும் பயணத்தில் நாம் எல்லோரும் வேனில் தூங்குகிறோம், சாரதி மட்டும் தூங்கக்கூடாது என்று எதிர்பார்க்கிறோம். தவளக்காரர் மாட்டுக்குக் கொடுத்த ஓய்வை நாம் மனிதனுக்குக் கொடுப்பதில்லை. வேன் பேசும்போது வாடகையை மட்டும் கேட்காமல், "முந்தின இரவு ஓட்டம் இருக்கா?" என்றும் கேளுங்கள். இருந்தால் நாளை மாற்றுங்கள். அஸருக்கு முன் மலையிலிருந்து இறங்கத் தொடங்குங்கள். பிரயாண துஆவை ஓதுவோம், சாரதியின் தூக்கத்துக்கும் வழி செய்வோம்.

மற்றவர்களும் அறிய, உங்கள் ஊர்க் குழுக்களில் இதைப் பகிருங்கள்.