மறதிக்குள் ஒரு துப்பறியும் கதை



1906-இல் ஜெர்மன் மருத்துவர் அல்சைமர், ஒரு பெண்மணியின் மறதி நோயை மருத்துவ உலகுக்கு விவரித்தார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. 2014-இல் எம்மா ஹீலி என்ற ஆங்கில எழுத்தாளர், மறதி நோயுள்ள மூதாட்டி ஒருவரையே துப்பறிய வைத்தார். நாவலின் பெயர் 'எலிசபெத் இஸ் மிஸ்ஸிங்'. தோழியைக் காணோம் என்று பாட்டி புலம்புகிறார், யாரும் நம்புவதில்லை. அந்தப் புலம்பலுக்குள்தான் 1946-இல் காணாமல்போன அக்காவைப் பற்றிய துப்பு கிடக்கிறது.

இந்நோயில் பெரும்பாலும் புது நினைவுதான் முதலில் போகும். பழையது நெடுநாள் தங்கும். திருப்பூரில் பிசிறு வெட்டியும் கைமடித்தும் நம்மை ஆளாக்கியவர்கள், காலையில் சாப்பிட்டதை மறந்தாலும் பழைய கம்பெனிக் கதையை மறப்பதில்லை. "வயசாயிருச்சு, உளறுறாங்க" என்று தள்ளிவிடாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதியும் வையுங்கள். நம் ஊர் வரலாறு அதில் இருக்கிறது.