டயரின் அளவும் தோட்டத்தின் வரலாறும்

ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில் அமைந்த சிற்றூர் லாபிஸ். கிம்மாசிலிருந்து ஜொகூர் பாருவை நோக்கிச் செல்லும் இரயில் பாதை 1909ஆம் ஆண்டில் நிறைவுற்றபோது, அப்பாதை இவ்வூரின் வழியே சென்றது. சிகாமட்டையும் யோங் பெங்கையும் இணைக்கும் பழைய நெடுஞ்சாலையும் இவ்வூரை ஊடறுத்தே செல்கின்றது. இரயிலும் சாலையும் காட்டுக்குள் புகுந்த பின்னர்தான் இவ்வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களில் பால் வெட்டியவர்களுள் பெரும் பகுதியினர் தமிழர்.

இன்று அந்நெடுஞ்சாலையில் ஓடும் கார் எதுவாயினும், அதன் டயரின் பக்கவாட்டில் சில எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 175/70 ஆர் 13 என்பது போன்ற அந்த எண்கள் டயரின் அகலத்தையும் உயரத்தையும், அது பொருந்தும் ரிம்மின் விட்டத்தையும் குறிப்பன. ஆலை அளித்த ரிம்மை மாற்றாமல், டயரின் அளவை மட்டும் சற்றே பெரிதாக்கிக்கொள்ள விரும்புவோர் எக்காலத்தும் உண்டு. இது வண்டிக்காரரின் தனி விருப்பம் போலத் தோன்றும். ஆனால் இவ்விருப்பம் கோடிக்கணக்கான சக்கரங்களில் நிறைவேறிய காலத்தில், அதன் விளைவு கடல் கடந்து பால்மரத்தின் அடிவரை வந்து சேர்ந்தது. அவ்வரலாறு தமிழ் மாணவர் அறிந்திருக்க வேண்டியதாகும்.

காற்றடைத்த சக்கரம்

காற்றடைத்த டயருக்கு 1845ஆம் ஆண்டிலேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் உரிமை பெற்றார். எனினும் அக்காலத்தில் அதற்குத் தேவை எழவில்லை. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் அதனை மிதிவண்டிக்கு உரியதாக மீண்டும் படைத்தார். 1895இல் நடந்த பாரிஸ் - போர்தோ மோட்டார்ப் பந்தயத்தில் மிஷலின் சகோதரர்கள் காற்றடைத்த டயர்களைக் காரில் பூட்டி ஓட்டினர். வழியெங்கும் டயர்கள் பழுதுபட்டன. ஆயினும் காரும் காற்றில் ஊர்ந்து செல்லலாம் என்பது உறுதியாயிற்று.

மறுபுறம், 1876இல் ஹென்றி விக்கம் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இங்கிலாந்தின் கியூ தோட்டத்திற்குக் கொணர்ந்தார். அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தடைந்தன. 1888இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் மெல்லிய பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் வணிக நோக்கில் முதன்முதலாக ரப்பர் பயிரிட்டார். டயரும் மரமும் தனித்தனியே வளர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்றையொன்று சந்தித்தன. அச்சந்திப்புக்கு உழைக்கும் கைகள் தேவைப்பட்டன. திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து கங்காணிகள் ஆள்கூட்டி வந்தது இத்தேவையை நிறைவு செய்யவேயாகும்.

அகலம் கூடிய காலம்

ஹென்றி போர்டின் ஆலை 1908 முதல் 1927 வரை 'டி மாடல்' கார்களை ஒன்றரைக் கோடி அளவில் உருவாக்கியது. நெடுங்காலம் அக்காரின் பின்சக்கரத்தில் இருந்தது 30க்கு 3½ என்னும் அளவுடைய டயர். வெளிவிட்டம் 30 அங்குலம்; டயரின் தடிமன் மூன்றரை அங்குலம். இருபுறத் தடிமனையும் கழித்தால் ரிம்மின் விட்டம் 23 அங்குலம் ஆகும். கரடான சாலையில் இம்மெல்லிய டயர் வண்டியை உலுக்கியெடுத்தது. ஆகவே டயர் ஆலைகள் அதே ரிம்மில் பொருந்தத்தக்க 31க்கு 4 என்னும் பெரிய டயரை விற்றன. நான்கின் இருமடங்கைக் கழித்தாலும் எஞ்சுவது அதே 23 அங்குலமே. ரிம்மை மாற்றாமல் டயரை மட்டும் பெரிதாக்கும் வழக்கம் இவ்வாறு மோட்டார் யுகத்தின் தொடக்கத்திலேயே வேரூன்றியது. அரை அங்குலம் கூடியதால் டயருக்குள் அடங்கும் காற்று மூன்றில் ஒரு பங்களவு மிகுந்தது. அதற்கேற்ப டயரின் உடலும் பெருத்தது.

1923இல் பயர்ஸ்டோன் நிறுவனம் 'பலூன் டயர்' என வழங்கப்பெற்ற அகன்ற டயரைச் சந்தைக்குக் கொணர்ந்தது. சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு அளவில் இருந்த காற்றழுத்தம் இதில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. போர்டு காரும் சில ஆண்டுகளில் 4.40 அங்குலத் தடிமனுள்ள டயருக்கு மாறியது. அதன் ரிம் 21 அங்குலமாகச் சுருங்கியது. வெளிவிட்டமோ ஏறக்குறைய முன்போலவே 30 அங்குல அளவில் நின்றது. உள்வட்டம் சுருங்கினும் வெளிவட்டம் மாறலாகாது என்னும் விதி அன்றே பின்பற்றப்பட்டது. வண்டியின் வேகக் கணக்கும் பற்சக்கர விகிதமும் வெளிவட்டத்தைச் சார்ந்தே அமைந்தமை இதற்குக் காரணம்.

1920களில் உலக ரப்பரில் பெரும்பங்கை வாங்கிய நாடு அமெரிக்கா. அப்பத்தாண்டின் தொடக்கத்தில் உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதியை விளைவித்த நாடு மலாயா. ஆகவே அமெரிக்கச் சக்கரத்தில் கூடிய ஒவ்வோர் அரை அங்குலமும் மலாயாவின் பால் வாளியை நோக்கிய ஓர் அழைப்பாயிற்று.

விலையும் கூலியும்

ஆயினும் அழைப்பின் பயன் வாளியைச் சுமந்தவரை அடையவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் ரப்பர் விலை வீழ்ந்தது. அதனைத் தடுக்க, பிரிட்டிஷ் அரசு 1922 நவம்பரில் ஸ்டீவன்சன் திட்டத்தை நடைமுறைப்படுத்தி, மலாயாவிலும் இலங்கையிலும் இருந்து ஏற்றுமதியாகும் ரப்பருக்கு அளவு விதித்தது. வரத்துக்கு அணையிடப்பட்ட அதே வேளையில் கார்களும் பெருகின, டயர்களும் பருத்தன. பவுண்டுக்குச் சில பென்சாகக் கிடந்த விலை 1925இல் 4 ஷில்லிங்கைக் கடந்தது. பால் வெட்டியவரின் கூலியோ நாள்கணக்கில் வரையறுக்கப்பட்டிருந்தது. 1920களின் இறுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பதே அளவு.

உயர்ந்த விலை வாங்கியவரை வேறு வழி தேடச் செய்தது. பயர்ஸ்டோன் 1926இல் லைபீரியாவில் நிலம் பெற்றார். போர்டு பிரேசிலில் தோட்டம் அமைத்தார். பழைய டயரை உருக்கி மீட்கும் ரப்பர் பெருகியது. கட்டுப்பாட்டில் சேராத டச்சு இந்தியாவின் சிறுதோட்டக்காரர்கள் மரங்களை நட்டுக் குவித்தனர். 1928 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தில், 1932ஆம் ஆண்டு விலை 2 பென்சுக்கும் கீழே இறங்கியது. விலை ஏறியபோது அசையாத கூலி, விலை இறங்கியபோது உடனே இறங்கியது. 1930இல் அது ஆணுக்கு 40 காசாகவும் பெண்ணுக்கு 32 காசாகவும் குறைக்கப்பட்டது. வேலையிழந்து தமிழகத்திற்குத் திருப்பியனுப்பப்பட்ட தொழிலாளர் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர்.

இதற்குப் பலூன் டயரே காரணம் எனல் மிகையாகும். போரும் கடனும் பங்குச் சந்தையும் இதில் கலந்திருந்தன. அகன்ற டயர் மிகுதியான ரப்பரை உண்டதாயினும், நூலிழை அமைப்பு சீர்பட்டமையால் பழைய டயரினும் நெடுந்தொலைவு ஓடியது என்பதையும் மறத்தலாகாது. ஆனால் ஓர் உண்மை ஐயத்திற்கு இடமற்றது. சக்கரத்தின் அளவு எங்கோ முடிவு செய்யப்பட்டது. அம்முடிவைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கப்படாதவர், அதன் ஏற்ற இறக்கத்தைத் தம் அடுப்பங்கரையில் உணர்ந்தனர்.

இருளில் எழுந்தவர்

விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, பேர் கொடுத்து, தமக்குரிய நிரையில் நுழைந்து, தலைவிளக்கின் ஒளியில் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவ வேண்டும். வெயில் ஏறினால் மரத்தின் பாலோட்டம் குறையும் என்பதால் இருளிலேயே வேலை தொடங்கியது. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலான பட்டையைச் சீவுதல் வேண்டும். கத்தி ஆழ்ந்தால் மரம் புண்படும், தண்டலின் ஏச்சும் வரும். மங்கில் சேர்ந்த பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர். எஞ்சியது பெரும்பாலும் நீர். அந்நீரையும் சேர்த்தே காண்டாவில் சுமந்து ஆலைக்கு நடந்தனர் ஆடவரும் பெண்டிரும்.

1938இல் இந்திய அரசு தொழிலாளரை அனுப்புவதைத் தடை செய்தது. கங்காணி முறை ஓய்ந்தது. 1942இல் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியபின், ரப்பர் கிடைக்காத அமெரிக்கா செயற்கை ரப்பர் ஆலைகளைப் பெருமளவில் நிறுவியது. போர் முடிந்தபோது பால்மரத்திற்கு நிலையான போட்டி ஒன்று பிறந்துவிட்டிருந்தது.

அப்போது மரத்திற்குக் கைகொடுத்ததும் டயரின் வடிவ மாற்றமேயாகும். மிஷலின் நிறுவனம் 1946இல் உரிமை பெற்ற ரேடியல் டயரில் இழைகள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடுகின்றன; மேலே எஃகுக் கம்பிப் பட்டை சூழ்கின்றது. எஃகோடு இறுகப் பற்றவும், சூட்டைத் தாங்கவும், வார்ப்பதற்கு முன் உருக்குலையாது நிற்கவும் இயற்கை ரப்பரே வல்லது. ஆகவே ரேடியல் பரவிய 1970களில் இயற்கை ரப்பர் தன் இடத்தை இழக்காது நின்றது. 1965இல் மலேசியா தர எண்ணிட்டு ரப்பரை விற்கத் தொடங்கியதும் அதற்குத் துணையாயிற்று.

இன்றைய அளவு

ரேடியல் டயர் உயரம் குறைந்து அகன்றது. 175/70 ஆர் 13 என்னும் டயரின் அகலம் 175 மில்லிமீட்டர். அதில் 70 விழுக்காடு அதன் பக்க உயரம். ரிம் 13 அங்குலம். கணக்கிட்டால் வெளிவிட்டம் 575 மில்லிமீட்டர் வரும். அதே ரிம்மில் 185/70 டயரைப் பூட்டினால் வெளிவிட்டம் 589 ஆகும். வேகமானி 100 எனக் காட்டும்போது வண்டி ஏறத்தாழ 102 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். 185/65 டயரைத் தேர்ந்தால் 571 ஆகி, பழைய அளவை ஒட்டி நிற்கும். ரிம்மின் அகலம் இடம் கொடுக்கின்றதா, சுமையைத் தாங்குமா, வண்டியின் உடலில் உரசுமா என்பனவும் பார்க்கத்தக்கவை. அகன்ற டயர் உலர்ந்த சாலையில் நன்கு பற்றினும், மழைநீர் தேங்கிய சாலையில் எளிதில் மிதந்து வழுக்கும். ஆண்டு இறுதி மழையை அறிந்த ஜொகூர் மக்களுக்கு இது புறக்கணிக்கத்தக்க செய்தியன்று.

லாபிஸ் வட்டாரத்தில் இன்று செம்பனையே மிகுதி. 1990களின் தொடக்கத்தில் ரப்பர் உற்பத்தியில் முதலிடத்தைத் தாய்லாந்து பெற்றது. லயங்கள் பல மறைந்தன. அங்கு வாழ்ந்தோரின் பிள்ளைகள் நகரங்களில் கார் ஓட்டுகின்றனர். பாட்டன் தான் வெட்டிய பாலில் உருவான சக்கரத்தின் மேல் அமர்ந்து ஒருநாளும் சென்றதில்லை. பேரன் அச்சக்கரத்தின் அளவைத் தானே தேர்ந்தெடுக்கின்றான். இம்மாற்றத்திற்கு இடையே கல்வியும் தொழிற்சங்கமும் தமிழ்ப்பள்ளியும் உள்ளன.

கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் டயரின் எண்களைக் கொண்டு விழுக்காட்டையும் விட்டத்தையும் விளக்கலாம். அவ்வெண்களுக்குள் 1923ஆம் ஆண்டும், 50 காசுக் கூலியும், திரும்பிச் சென்ற கப்பல்களும் அடங்கியிருப்பதைச் சேர்த்துச் சொன்னால், கணக்குப் பாடம் மாணவனின் குடும்ப வரலாறாகவும் ஆகிவிடும்.