அஞ்சி வாழும் சிறுமீன்கள்



நந்திக்கடலுக்கும் வங்கக்கடலுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய நிலப்பரப்பில் அமைந்தது முள்ளிவாய்க்கால். முள்ளி என்பது ஈரநிலத்துச் செடி. வாய்க்கால் என்பது நீர் செல்லும் வழி. ஊரின் பெயரிலேயே நீர் இருக்கின்றது. மாரி ஓய்ந்து, வாய்க்கால்களில் நீர் தெளியும் நாள்களில் வன்னிச் சிறுவர் கையைக் குவித்துச் சிறுமீன்களை அள்ளிப் போத்தலில் இடுவர். வீட்டிற்கு வந்ததும் அம்மீன் அடியில் ஒடுங்கி, நிறம் வெளிறி நிற்கும். விடியும்போது பெரும்பாலும் உயிரோடு இராது. சிறுவன் செய்த பிழை யாது? மீனைக் கொணர்ந்தான், நீரையும் கொணர்ந்தான், மறைவிடத்தைக் கொணரவில்லை. அஞ்சும் உயிருக்கு மறைவிடம் அமைத்துக்கொடுக்க மனிதன் கற்ற வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

சீனர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே பொன்மீன்களை வளர்த்தனர். ஆயினும், கண்ணாடித் தொட்டியில் நீரைக் கெடாது காக்கும் வழி 19ஆம் நூற்றாண்டிலேயே தெளிவாயிற்று. இலண்டனில் வாழ்ந்த ரொபேட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர், 1849இல் ஒரு தொட்டியில் மணல் பரப்பி, பொன்மீன்களையும் வலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் சேர்த்து வைத்தார். செடியின் இலைகள் அழுகி நீர் கலங்கியது. அவற்றைத் தின்னும் நத்தைகளை இட்டார், நீர் தெளிந்தது. இதனை 1850இல் இரசாயனச் சங்கத்தாருக்கு அறிவித்தார். வெளிச்சத்தில் செடி பிராணவாயுவைத் தருகின்றது. மீன் கழிக்கும் அமோனியாவை உரமாகக் கொள்கின்றது. மணலிலும் இலையிலும் வாழும் நுண்ணுயிர்கள் எஞ்சிய நஞ்சை மாற்றுகின்றன. இவை இன்று நாம் அறிந்த காரணங்கள். 1853இல் இலண்டன் விலங்கியற் பூங்காவில் மீன்களுக்கென ஒரு மனையே திறக்கப்பட்டது. 1869இல் பாரிஸ் நகரத்துப் பியேர் கார்பொன்னியே, சீனத்திலிருந்து வந்த சொர்க்கமீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்தார்.

இனி, நமது நீர்நிலைகளில் வாழும் ஒரு மீனைக் காண்போம். ஏறத்தாழ 8 சென்றிமீற்றர் வரை வளரும் இதன் உடல் பொன்மஞ்சள் நிறமுடையது. விலாவின் நடுவே ஒரு கரும்பொட்டு. மலையாளத்தார் இதனைப் பள்ளத்தி என்பர். ஆங்கிலேயர் ஓரஞ்சு குரோமைட் என்பர். இலங்கையின் தாழ்நிலக் குளங்களிலும் களப்புகளிலும், நன்னீரிலும் உவர்நீரிலும் வாழவல்லது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், தரங்கம்பாடியில் வாழ்ந்த கிறிஸ்தோப் சாமுவேல் ஜோன் என்னும் பாதிரியார், தமிழ்க் கரையின் மீன்களைத் திரட்டிப் பெர்லினில் இருந்த மருத்துவர் பிளொக்கிற்கு அனுப்பிவந்தார். அந்தப் பிளொக்கே 1795இல் இம்மீனுக்கு அறிவியற் பெயர் சூட்டியவர். இதன் குடும்பத்தைச் சேர்ந்த மீன்களுள் மிகப்பல ஆபிரிக்காவிலும் அமெரிக்காவிலும் வாழ்பவை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக உள்ளவை மூன்று இனங்களே.

இம்மீனின் இல்லறம் வியப்பிற்குரியது. ஆணும் பெண்ணும் கூடி இடம் தேர்ந்து, கல்லிலோ வேரிலோ முட்டைகளை ஒட்டுகின்றன. இரண்டும் மாறி மாறிச் செட்டையால் நீரை விசிறுகின்றன. பூஞ்சணம் பிடித்த முட்டைகளை அகற்றுகின்றன. குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் பெற்றோரின் உடலை உரசி, தோலிற் சுரக்கும் கோழையை உண்கின்றன. வார்ட், பார்லோ என்னும் ஆய்வாளர் இருவர் இவ்வொழுக்கத்தை நுணுகி ஆராய்ந்து 1967இல் கட்டுரை வெளியிட்டனர். நீரில் ஓர் அசைவு கண்டால் ஓடி மறையும் இச்சிறுமீன், தன் குஞ்சுகளைக் காக்கும் வேளையில் பெரிய மீனையும் எதிர்த்து நிற்கின்றது.

இத்தகைய மீனை வீட்டில் வளர்க்க விரும்புவோர் முதலில் செடியை நாடவேண்டும். 80 முதல் 100 லீற்றர் வரை நீர் கொள்ளும் தொட்டி போதும். ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் அதனை வைத்து, பின்புறத்தும் பக்கங்களிலும் செடிகளை நெருக்கமாக நடுக. நடுவே நீந்த வெளி விடுக. வேலம்பாசி விரைவில் தழைக்கும். நம் குளங்களின் கொட்டி, மிதக்கும் இலைகளால் நிழல் தரும். ஔவையாரின் மூதுரை கற்றோர்க்குக் கொட்டி புதிதன்று. நீர் வற்றினும் குளத்தை விட்டு நீங்காத உறவிற்கு அங்கே அது உவமை. உண்மையிலும் அதன் கிழங்கு காய்ந்த சேற்றுள் கிடந்து, மழை கண்டதும் துளிர்க்கின்றது. செடிகள் வேரூன்றச் சில வாரங்கள் பொறுத்து, அதன்பின் ஒரே இனத்துச் சிறுமீன்கள் ஐந்தாறை விடுக. நுளம்புக் குடம்பிகளை அளவாக இடுக; கிழமைதோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றுக.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. அழகிய மீன் அதன் அழகினாலேயே அழியக்கூடும். தெரணியகல 1929இல் விவரித்த செந்நிறச் சிறுகெண்டை, இலங்கையின் ஈரவலயத்து நிழலோடைகளிலிருந்து உலகெங்கும் உள்ள தொட்டிகளுக்குச் சென்றது. மிகுதியாகப் பிடிக்கப்பட்டமை அதன் இயற்கை வாழ்விற்கு ஊறாயிற்று. 1991இல் பெயர் பெற்ற பந்துல கெண்டையோ, கேகாலை மாவட்டத்துக் கலபிட்டமடைக்கு அருகே ஒரு சிற்றோடையில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. ஆற்றை வெறுமையாக்கித் தொட்டியை நிறைத்தல் வளர்ப்பு ஆகாது. தொட்டியிற் பிறந்த குஞ்சையே வாங்கி, அதனை மேலும் பெருகச் செய்வதே வளர்ப்பு. பிறநாட்டு மீனைக் குளத்தில் விடுதலும் தகாது.

2009 மே மாதத்தில், முள்ளிவாய்க்கால் எண்ணற்ற உயிர்கள் மடிந்த மண்ணாயிற்று. ஒளிந்துகொள்ள இடமின்றி மக்கள் அந்த ஒடுங்கிய கரையில் நெருக்குண்டனர். பின்னர், எஞ்சியோர் மீண்டு வந்தனர். அத்துயரைச் சிறுமீனோடு ஒப்பிடுதல் நம் நோக்கமன்று. எனினும், அந்த ஊரின் சிறுவனொருவன் இன்று வாய்க்காலில் இறங்கி மீனை உற்று நோக்குகின்றான் என்றால், அந்த நோக்கு வீண்போகாதிருக்க வேண்டும் என்பதே நம் விருப்பம்.

வெறுந்தொட்டியில் மூலையோடு ஒண்டிக் கிடக்கும் மீன், செடி அடர்ந்த தொட்டியில் நடுவெளிக்கு வருகின்றது. ஓடி மறைய ஓர் இடம் உண்டு என்று அறிந்த உயிரே அச்சமின்றி வெளியே உலாவும். போத்தலோடு வரும் சிறுவனை அதட்டாதீர்கள். ஒரு பிடி மணலையும் ஒரு கொடி வேலம்பாசியையும் அவன் கையிற் கொடுங்கள்.