மெனோபாஸ் நேரத்தில் தொப்பை போடுவது ஏன்? எடை மெஷினை விட இஞ்ச் டேப் முக்கியம்!

"முன்ன மாதிரிதான் சாப்பிடுறேன், ஆனா ஜாக்கெட்டே பத்தல" என்று 45 வயதைத் தாண்டிய பல பெண்கள் புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள். இது சோம்பேறித்தனம் இல்லைங்க.

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் அதுதான் மெனோபாஸ். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கத் தொடங்கி, பிறகு குறைந்துவிடுகிறது. அதுவரை இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு, இப்போது வயிற்றில் சேர்கிறது. வயதாக ஆகத் தசையும் குறைவதால், உடல் செலவழிக்கும் கலோரியும் குறையும்.

மெஷினில் 2 கிலோதான் கூடியிருக்கும். ஆனால் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப் வைத்துப் பாருங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் சர்க்கரை நோய், இதய நோய் ஆபத்து அதிகம்.

உடனே ராத்திரி சாப்பாட்டை நிறுத்திடாதீங்க. பட்டினி கிடந்தால் தசையும் சேர்ந்தே கரையும். சோற்றைக் குறைத்து பருப்பு, சுண்டல், முட்டை, மீன் சேர்க்கலாம். வாரம் 150 நிமிடம் வேக நடை, கூடவே 2 நாள் தசைப் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் ஆரம்பித்தாலே போதும்.

எடை திடீரென ஏறினால் தைராய்டு டெஸ்ட்டும் எடுத்துப் பாருங்கள். மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு லேசான ரத்தக்கசிவு வந்தாலும், 'சூடு' என்று விட்டுவிடாமல் உடனே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.