தாளும் தகுதியும்: ஒபாமாவின் பிறப்புச் சான்றிதழ் குறித்த சதிக் கோட்பாடு

பராக் ஒபாமா 1961 ஆகஸ்ட் 4 அன்று ஹொனலுலுவில் உள்ள கபியோலானி மகப்பேறு மருத்துவமனையில் மாலை 7.24 மணிக்குப் பிறந்தார். ஹவாய் அமெரிக்காவின் ஐம்பதாவது மாநிலமாகி அப்போது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. எளிதில் மெய்ப்பிக்கத்தக்க இந்தச் செய்திக்காக அவர் 2008இலும் 2011இலும் பொதுவெளியில் ஆவணம் காட்ட நேர்ந்தது. அவர் கென்யாவில் பிறந்தவர் என்ற கதையைத் தவறான தகவலின் பரவலாகக் கண்டு, சரியான தகவல் வந்தால் அது ஓய்ந்துவிடும் என்று கருதுவது வழக்கம். அக்கருத்து பாதியளவே பொருந்துகிறது. யாரிடம் சான்று கேட்பது, யாரைக் கேளாமல் ஏற்பது என்பதில் நிலவிய பாகுபாடே இக்கதையைத் தாங்கி நின்றது என்பது என் வாதம்.

கதைக்கு ஒரு சட்டப் பிடிமானம் இருந்தது. பிறப்பாலேயே குடியுரிமை பெற்றவர்தாம் குடியரசுத் தலைவராகலாம் என்கிறது அமெரிக்க அரசியலமைப்பு. ஒபாமாவின் தந்தை கென்யர். தாய் அமெரிக்கர், மகன் பிறந்தபோது அவருக்கு வயது 18. பெற்றோரில் ஒருவர் மட்டும் அமெரிக்கராக இருந்து, குழந்தை அயல்நாட்டில் பிறந்தால், அவர் பத்தாண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்திருக்க வேண்டும், அவற்றுள் ஐந்து பதினான்கு வயதுக்குப் பிறகு அமைய வேண்டும் என்றது 1952ஆம் ஆண்டுச் சட்டம். பதினெட்டு வயதுப் பெண்ணால் அந்நிபந்தனையை நிறைவேற்றவே முடியாது. எனவே பிறந்த இடத்தை ஹவாயிலிருந்து நகர்த்திவிட்டால் தகுதியே விழுந்துவிடும் என்று கதையைப் பரப்பியவர்கள் கணக்கிட்டார்கள்.

2008 ஜூனில் ஒபாமாவின் தேர்தல் குழு வெளியிட்ட சான்றிதழ், ஹவாய் சுகாதாரத் துறை யாருக்கும் வழக்கமாக வழங்கும் கணினி அச்சுப் படி. எந்த நீதிமன்றத்திலும் பிறப்புக்கு முதல்நோக்குச் சான்றாக அது ஏற்கப்படும் என்று அதன் அடியிலேயே அச்சிடப்பட்டிருந்தது. ஒரு மாநிலத்தின் பொது ஆவணத்தைப் பிற மாநிலங்கள் முழுமையாக மதிக்க வேண்டும் என்று அரசியலமைப்பும் விதிக்கிறது. ஆக, வழக்கு அன்றே முடிந்திருக்க வேண்டும். இணையத்தில் ஏற்றிய படத்தில் முத்திரை தெரியவில்லை என்று முதல் ஆட்சேபம் எழுந்தது. ஃபேக்ட்செக் அமைப்பினர் அந்தத் தாளையே கையில் வாங்கிப் பார்த்து, புடைத்து நின்ற முத்திரையையும் பின்புறத்துக் கையொப்பத்தையும் படமெடுத்து வெளியிட்டனர். குடியரசுக் கட்சி ஆளுநர் லிண்டா லிங்கிளின் நிர்வாகத்தில் சுகாதாரத் துறையின் தலைவராக இருந்த சியோமி ஃபுகினோ, மூலப் பதிவைத் தாமே பார்த்ததாக அறிவித்தார். 1961 ஆகஸ்டில் ஹொனலுலுவின் இரண்டு நாளிதழ்களிலும் இப்பிறப்பு அச்சாகியிருந்தது. இத்தனைக்குப் பிறகும் அந்தத் தாளைச் ‘சுருக்கப் படி’ என்று தாழ்த்தி, ‘முழுப் படி’ எங்கே என்று கேட்டார்கள். சட்டம் செய்யாத ஒரு தரவேறுபாட்டைச் செய்தி ஊடகங்களும் அப்படியே ஏற்றுப் பேசியதே இந்த இயக்கத்தின் பெரிய வெற்றி என்று கருதுகிறேன்.

இதே கூட்டத்தார் மறுபுறம் எவ்வளவு எளிதில் நம்பினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2009 ஆகஸ்டில் கென்யப் பிறப்புச் சான்றிதழ் என்று ஒன்று முன்வைக்கப்பட்டது. அதன் தேதி 1964 பிப்ரவரி. தலைப்பில் ‘கென்யக் குடியரசு’ என்றிருந்தது. கென்யா குடியரசானதோ 1964 டிசம்பர் 12 அன்று. ஹவாய்த் தாளின் மடிப்பையும் முத்திரையையும் துருவிய கண்களுக்கு இந்தப் பத்து மாத இடைவெளி தெரியவில்லை. உண்மையான ஐயவாதம் இரு பக்கத்தையும் ஒரே தராசில் நிறுக்கும். இங்கே முடிவு முன்பே எடுக்கப்பட்டிருந்தது.

2011 வசந்தத்தில் டொனால்ட் டிரம்ப் இக்கதையைத் தொலைக்காட்சியில் ஓயாமல் எழுப்பினார். அவ்வாண்டு ஏப்ரல் 27 அன்று வெள்ளை மாளிகை மூலப் பதிவின் நகலை வெளியிட்டது. அத்தகைய நகலை வழங்கும் வழக்கம் ஹவாயில் நின்றுபோயிருந்ததால், அதற்குத் தனி விலக்கு தேவைப்பட்டது. வெளியிட்ட அன்றே அடுத்த ஆட்சேபம் கிளம்பியது. மின்கோப்பை வரைகலை மென்பொருளில் திறந்தால் எழுத்துகளும் பச்சைப் பின்னணியும் தனித்தனி அடுக்குகளாகப் பிரிகின்றன, ஆகவே ஒட்டித் தயாரித்தது என்றார்கள். கோப்பின் அளவைக் குறைக்க எழுத்தை ஒரு விதமாகவும் பின்னணியை வேறு விதமாகவும் சுருக்கும் ஸ்கேனர்களில் அவ்வடுக்குகள் தாமாகவே உருவாகின்றன. தந்தையின் இனம் என்ற கட்டத்தில் ‘ஆப்பிரிக்கர்’ என்றிருந்ததையும் விடவில்லை. அக்காலத்தில் ‘நீக்ரோ’ என்றுதான் எழுதியிருப்பார்கள் என்றனர். பெற்றோர் சொல்வதையே அக்கட்டத்தில் பதிந்தார்கள். கென்யாவிலிருந்து வந்த மாணவர் தம்மை ஆப்பிரிக்கர் என்று சொல்லியதில் வியப்பென்ன? ஒவ்வொரு புதிய ஆவணமும் துருவுவதற்கு ஒரு புதிய பரப்பைத் தந்தது.

ஆனாலும் ஆவணம் பயனற்றுப்போனது என்று சொல்ல மாட்டேன். காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில், ஒபாமா வேறு நாட்டில் பிறந்தவர் என்றோ பிறந்திருக்கலாம் என்றோ கருதியவர்கள் வெளியீட்டுக்குச் சற்று முன்பு 24 விழுக்காடு. மே மாதத்தில் 13 விழுக்காடு. காதில் விழுந்ததைப் பாதி நம்பியிருந்தவர்கள் மனம் மாறினார்கள். எஞ்சியவர்களுக்குத் தாள் ஒரு சாக்கு. 2012இல் அரிசோனாவின் மாரிகோபா மாவட்ட ஷெரிஃப் ஜோ அர்பாயோ அது போலி என்று செய்தியாளர்களைக் கூட்டி அறிவித்தார். 2016 டிசம்பரிலும் அதையே சொன்னார்.

2008 தேர்தலில் எதிர்நின்ற ஜான் மெக்கெய்னை இங்கே ஒப்பிடுவது அவசியம். அவர் பிறந்தது பனாமா கால்வாய் மண்டலத்தில், 1936இல். மாநில எல்லைகளுக்கு வெளியே பிறந்தவர் என்பதில் ஐயமே இல்லை. அவர் தகுதியுடையவர் என்று செனட் சபை ஏகமனதாகத் தீர்மானம் இயற்றியது. அது சரியான செயலே. வெளியே பிறந்தவருக்குத் தீர்மானமும் உள்ளே பிறந்தவருக்கு விசாரணையும் கிடைத்ததைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது. நிறம் முதன்மைக் காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் நிறம் மட்டும் அன்று: 1881இல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற செஸ்டர் ஆர்தர் வெள்ளையர், அவர் கனடாவில் பிறந்தவர் என்றும் வதந்தி எழுந்தது. அவருடைய தந்தை அயர்லாந்திலிருந்து வந்தவர். அயலிலிருந்து வந்த தந்தையின் மேல் பழைய ஐயம் ஒன்று உண்டு. ஒபாமாவிடம் அது நிறத்தோடு சேர்ந்துகொண்டது.

இடம் வெறும் சாக்கு என்பதற்குக் கமலா ஹாரிஸ் தெளிவான சான்று. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகளான அவர் 1964இல் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் பிறந்தார் என்பதை யாரும் மறுக்கவில்லை. 2020 ஆகஸ்டில் சட்டப் பேராசிரியர் ஜான் ஈஸ்ட்மன் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்கான அவருடைய தகுதி குறித்து நியூஸ்வீக் இதழில் எழுதியபோது, கேள்வி பிறந்த இடத்தை விட்டுப் பெற்றோரின் குடியுரிமை நிலைக்குத் தாவியது. அமெரிக்க மண்ணில் பிறந்த, சீனப் பெற்றோரின் பிள்ளையான வோங் கிம் ஆர்க் அமெரிக்கக் குடிமகனே என்று உச்ச நீதிமன்றம் 1898இலேயே தீர்ப்பளித்திருந்தது.