பெயர் போடாத கடிதங்கள்

(ஆத்தூரில் நிகழ்த்தப்பட்ட நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைவர்கள் எழுதியவற்றை நாம் நிறையப் படித்திருக்கிறோம். அவர்களுக்கு வந்தவற்றை அந்த அளவுக்குப் படித்ததில்லை. ஒரு நூலை எடுத்தால் அதன் ஆசிரியர் பெயர் அட்டையில் இருக்கும். அந்த நூலுக்குள் ஒரு வரியாக, ஒரு சான்றாக நுழைந்துவிட்ட மனிதரின் பெயர் எங்கும் இருக்காது. அவர் ஒரு கடிதம் எழுதியிருப்பார், அவ்வளவுதான். இன்றைய உரை அந்த மனிதரைப் பற்றியது. தலைவருக்கும் சாதாரண மக்களுக்கும் இடையே ஓடிய தபாலை வரலாற்று ஆவணமாகப் படித்தால் நமக்கு என்ன கிடைக்கும் என்று பார்க்க விரும்புகிறோம்.

முதலில் நம் மண்ணிலிருந்து தொடங்குவோம். இந்தியாவில் அஞ்சலட்டை 1879 ஜூலையில் வந்தது. விலை காலணா. பண்டிதர் அயோத்திதாசர் 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய வார இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. அதன் விலையும் அதே காலணாதான். ஒரு கேள்வி எழுதிப் போட ஆகும் காசும் அதற்கான பதிலைப் படிக்க ஆகும் காசும் ஒன்றாக இருந்தன! பண்டிதர் இதைத் திட்டமிட்டுச் செய்தாரா என்ற ஆராய்ச்சிக்குள் நாம் போகவில்லை. ஆனால் அந்த இதழைப் புரட்டுகிறவர்களுக்கு ஒன்று உடனே தெரியும். வாசகர்கள் கேள்வி கேட்கிறார்கள், பண்டிதர் விடை சொல்கிறார். கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்தும் கடல் கடந்து போன கூலித் தமிழரிடமிருந்தும் ஐயங்கள் வந்து சேர்ந்தன. பண்டிகைக்கு என்ன பொருள், இந்தப் பெயர் நமக்கு எப்படி வந்தது, நாம் யார் என்ற கேள்விகள் அவை. பௌத்தம் பற்றியும் சாதியின் தோற்றம் பற்றியும் பண்டிதர் எழுதியவற்றில் கணிசமான பகுதி இப்படி யாரோ கேட்டதற்குச் சொன்ன விடைதான். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து வெளியிட்ட 'அயோத்திதாசர் சிந்தனைகள்' நம்மில் பலர் வீட்டில் இருக்கிறது. அதை அடுத்த முறை திறக்கும்போது விடையை விட்டுவிட்டுக் கேள்விகளை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். வேறொரு நூல் கிடைக்கும்.

அதற்கும் முன்னால் தாத்தா இரட்டைமலை சீனிவாசன். 1893 அக்டோபரில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். எந்தச் சொல்லால் இழிவுபடுத்தினார்களோ அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்தார். 1896இல் அந்த இதழ் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டது. காரணம் அவர் எழுதிய தலையங்கமல்ல, ஆசிரியருக்கு வந்து இதழில் அச்சான ஒரு கடிதம். நூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அக்காலத்தில் நூறு ரூபாய் என்பது சின்னத் தொகை இல்லை. தன் இதழில் எழுதிய ஒருவரின் சொல்லுக்காகத் தலைவர் கூண்டில் நின்றார் என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும். கடிதத்தை வாங்கிப் படிப்பது ஒன்று. அதை அச்சில் ஏற்றி, அதன் விளைவையும் சுமப்பது வேறு.

தபால் என்றால் நம் மக்களுக்கு அது எளிதான காரியமாகவும் இருக்கவில்லை. அஞ்சலகம் எந்தத் தெருவில் இருந்தது, அந்தத் தெருவில் யார் நடக்கலாம் என்ற கேள்வி இருந்தது. 1924இல் அதே சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை எந்த வகுப்பாரும் பயன்படுத்தத் தடையில்லை என்பது அதன் சாரம். பாதையில் நடக்கும் உரிமைக்குத் தீர்மானம் தேவைப்பட்ட நாட்டில், ஒரு கடிதம் பெட்டியில் விழுவதற்குள் எத்தனை தடைகளைக் கடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எழுதத் தெரிந்தவரைத் தேட வேண்டும். அவர் நம்மவராக இருக்க வேண்டும். எழுதியதை ஊரில் சொல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

இனி அண்ணல் அம்பேத்கரிடம் வருவோம். 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற அவருடைய சிறு நூலை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். பாதி அவருடைய சொந்த வாழ்க்கை: மசூர் ரயில் நிலையம், பரோடாவில் பார்சி விடுதி. மீதிப் பாதியை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். அது மற்றவர்களின் வாழ்க்கை. அதில் ஒன்று முழுக்க முழுக்க ஒரு கடிதம். 1929 டிசம்பர் 12 தேதியிட்ட காந்தியின் 'யங் இந்தியா' இதழில் வெளியானது. எழுதியவர் கத்தியவாரின் ஒரு கிராமத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த தீண்டப்படாதவர்.

அவர் சொல்வது இது. மனைவிக்குக் குழந்தை பிறந்து இரண்டு நாளில் உடல்நிலை மோசமாகிறது. மூச்சுவிடச் சிரமப்படுகிறார். டாக்டரை அழைக்கிறார். சேரிக்கு வரமாட்டேன் என்கிறார் டாக்டர். ஊர்ப் பெரியவர்களிடம் போய் மன்றாடி, இரண்டு ரூபாய் கட்டணத்துக்கு ஒருவர் பொறுப்பேற்ற பிறகு டாக்டர் வருகிறார். அதுவும் ஒரு நிபந்தனையோடு: நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவர வேண்டும். பச்சிளம் குழந்தையோடு அந்தத் தாயை வெளியே கொண்டுவருகிறார்கள். டாக்டர் வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் ஆசிரியரிடம் கொடுக்கிறார். ஆசிரியர் மனைவிக்கு வைத்துப் பார்த்து, வந்த வழியே திருப்பிக் கொடுக்கிறார். விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நிமோனியா என்று சொல்லிப் போய்விடுகிறார் டாக்டர். பிறகு மறுபடி வந்து பார்க்க மறுக்கிறார். அந்தப் பெண் இறந்துபோகிறார்.

இந்தக் கடிதத்தில் அழுகையைவிட நம்மைத் தாக்குவது அதன் கணக்கு. எந்தத் தேதி, எத்தனை மணி, எத்தனை ரூபாய், வெப்பமானி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மனைவியை இழந்த ஒருவர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதுபோல எழுதியிருக்கிறார். இப்படி எழுதினால்தான் நம்புவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் ஆசிரியரின் பெயரும் இல்லை, டாக்டரின் பெயரும் இல்லை. பழிவாங்கிவிடுவார்கள் என்ற அச்சத்தால் ஆசிரியரே அப்படிக் கேட்டுக்கொண்டதாக அம்பேத்கர் குறிப்பிடுகிறார். குற்றம் செய்தவரின் பெயரைக்கூடப் பாதிக்கப்பட்டவர்தான் மறைத்துக் காக்க வேண்டியிருந்தது.

அந்தக் கடிதம் வேறொரு தலைவரின் இதழுக்குப் போனது, உண்மை. அங்கே அது ஒரு வாரத்துச் செய்தியாக வந்துபோனது. ஆண்டுகள் கழித்து அதை எடுத்து, தன் தண்ணீர்த் தாகத்துக்கும் தன் பரோடா இரவுக்கும் பக்கத்தில் சமமாக வைத்தவர் அம்பேத்கர். பாரிஸ்டர் பட்டமும் கொலம்பியா முனைவர் பட்டமும் பெற்ற ஒருவர், பெயர் சொல்ல முடியாத ஒரு கிராமத்து வாத்தியாரின் அனுபவத்தைத் தன் வரலாற்றின் பகுதியாக்குகிறார். தன்வரலாறு என்ற வடிவத்தையே இது மாற்றிவிடுகிறது என்பது எங்கள் கருத்து.

அதே நூலின் இன்னொரு பகுதி, 1938 மார்ச் 6 அன்று பம்பாய் தாதரில் இந்துலால் யாக்னிக் தலைமையில் நடந்த துப்புரவுத் தொழிலாளர் கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து சொன்னது. போர்சத் வட்ட அலுவலகத்தில் கணக்கர் வேலைக்குப் போனவர் அவர். குடிநீருக்குத் துருப்பிடித்த ஒரு தகரக் குவளை தனியாக வைத்திருந்தார்கள். ஊரில் யாரும் வீடு தரவில்லை. கடைசியில் கொலை மிரட்டலுக்குப் பயந்து வேலையை விட்டு ஓடிவந்தார். (இந்த நூல் 1935-36இல் எழுதப்பட்டது என்று பல இடங்களில் அச்சடித்திருக்கிறார்கள். 1938 கூட்டம் உள்ளே இருப்பதைக் கவனித்தால் இந்தப் பகுதியாவது அதற்குப் பிறகு எழுதியது என்பது விளங்கும்.) எழுதத் தெரிந்தவர் எழுதினார், வாய்ப்புக் கிடைத்தவர் மேடையேறிச் சொன்னார். இரண்டையும் ஒரே கோப்பில் வைத்தார் அம்பேத்கர்.

அவர் எழுதிய கடிதங்களுக்கு என்ன மரியாதை கிடைத்தது? 1932 நவம்பர் 14 அன்று, வட்டமேசை மாநாட்டுக்குப் போகும் வழியில், போர்ட் சயீத் துறைமுகத்தில் நின்ற 'விக்டோரியா' கப்பலிலிருந்து தீண்டாமை எதிர்ப்புச் சங்கத்தின் செயலாளர் ஏ.வி. தக்கருக்கு நீண்ட கடிதம் எழுதினார். பிற்பாடு ஹரிஜன சேவக சங்கம் ஆனது அந்த அமைப்புதான். தனிமனித ஒழுக்கத்தைத் திருத்துவதைவிட கிணறு, பள்ளி, வேலை ஆகியவற்றில் உரிமையை நிலைநாட்டுவதே முதல் வேலை என்றும், அந்த வேலைக்குத் தீண்டப்படாதவர்களிலிருந்தே ஊழியர்களை எடுக்க வேண்டும் என்றும் வாதிட்டார். கடிதம் கிடைத்தது என்ற ஒரு வரி பதில்கூட வரவில்லை என்று 1945இல் வெளியான நூலில் அவரே பதிவுசெய்தார். பதில் வராத கடிதத்தின் வலி தெரிந்தவர் என்பதால், நாசிக்கின் பாவுராவ் கெய்க்வாட் போன்ற களப்பணியாளர்களுக்கு அவர் எழுதியவற்றைக் கூடுதல் கவனத்தோடு படிக்கிறோம். 1934 மார்ச் 3 தேதியிட்ட கடிதத்தில், கோயில் நுழைவுப் போராட்டத்தில் இனி ஆற்றலைச் செலவிட வேண்டாம், கல்வியும் அரசியலும் முதன்மை என்று காரணங்களோடு விளக்குகிறார். அது தொண்டருக்கு இடும் ஆணையின் தொனியில் இல்லை.

1946இல் அவரே ஒரு விண்ணப்பதாரர் ஆனார். அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்கு எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா. சபைக்குக் கொடுத்த மனுவின் இரண்டு மூன்று படிகள் கிடைக்குமா என்று கேட்டார். டு பாய்ஸ் அக்கறையோடு பதில் போட்டார். கத்தியவார் வாத்தியாரின் கடிதமும் இந்தக் கடிதமும் அளவில் வேறு, வகையில் ஒன்றுதான்: எங்களுக்கு நடப்பதை யாரிடம், எப்படிச் சொல்வது என்ற கேள்வி.

அம்பேத்கர் 1956 டிசம்பர் 6 அன்று மறைந்த பிறகு அவருடைய தாள்கள் பெட்டிகளில் கிடந்தன. தில்லி அலிப்பூர் சாலை வீட்டில் இருந்தவற்றில் ஒரு பகுதி வெளியே எறியப்பட்டு மழையில் நனைந்து வீணானது. மகாராஷ்டிர அரசு வசந்த் மூனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு முதல் தொகுதியைக் கொண்டுவந்தபோது ஆண்டு 1979. இடைப்பட்ட 23 ஆண்டுகளில் அழிந்தவற்றுள் அவருடைய கையெழுத்துப்படிகளை எண்ணி வருந்துகிறோம். அவற்றோடு நனைந்த தபால் உறைகளை யாரும் எண்ணுவதில்லை.

ஆத்தூருக்கு வருவோம். நம் தொகுதி தனித்தொகுதி, பக்கத்துக் கெங்கவல்லியும் தனித்தொகுதி. ஆனால் நம் காலனிகளின் எழுத்து வரலாறு எங்கே இருக்கிறது? தகரப் பெட்டியில், பரண்மேல், மஞ்சள் பையில் இருக்கிறது. வீட்டுமனைப் பட்டா கேட்ட மனு, 1892 அரசாணையைக் குறிப்பிட்டுப் பஞ்சமி நிலம் கேட்ட மனு, சுடுகாட்டுப் பாதைக்கான மனு, சேகோ ஆலையில் கூலி பாக்கிக்காக எழுதியது, சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதிப் பதில் வராதது. 'மேல் நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று முத்திரை குத்தி வந்த ஒற்றைத் தாளைப் பொக்கிஷம்போல மடித்து வைத்திருக்கும் தாத்தாக்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர் காலமானதும் துணிமணியோடு அதுவும் எரிந்துவிடுகிறது.

மாணவர்களிடம் கேட்பது ஒன்றுதான். இந்தப் பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பெட்டியைத் திறந்து பாருங்கள். தேதி, யாருக்கு எழுதியது, யார் கையெழுத்து, கைரேகையா என்று ஒரு நோட்டில் குறியுங்கள். கைபேசியில் படம் எடுங்கள், மூலத்தை அந்த வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பெயரை வெளியிடலாமா என்று அந்த வீட்டாரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் பெயர் போடாமலே எங்களிடம் கொண்டுவாருங்கள்.